விம் எடிட்டரை நாமே கம்பைல் செய்வோம்!

நம் ஆவடி, அம்பத்தூர் பக்கத்து வீடுகளில் பலரிடம் இருப்பது ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர்தான். அதில் உபுண்டு லினக்ஸ் போட்டு 'விஐ' என்று தட்டினால் எடிட்டர் வரும். வரும், ஆனால் சி புரோகிராமைத் திறந்தால் எல்லா வரியும் ஒரே நிறம்! உபுண்டுவோடு கூட வருவது 'விம் டைனி' என்னும் சுருக்கப் பதிப்பு. முழு விம்மை 'ஆப்ட்' கட்டளையில் ஒரு நிமிஷத்தில் இறக்கிவிடலாம்தான். அதற்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டுமே! லேப் கம்ப்யூட்டரில் அதை நமக்கு யார் தருவார்கள்? சோர்ஸ் கோடிலிருந்து கட்டினால் அந்தப் பாஸ்வேர்டே தேவையில்லை. (லேப் சாரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.)

அம்பத்தூர் எஸ்டேட்டில் ட்ரெயினிங் போன மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். கடையில் போல்ட் வாங்குவது வேறு, ட்ராயிங்கை வைத்து லேத்தில் நாமே கடைவது வேறு. சோர்ஸ் கோடுதான் ட்ராயிங். ஜிசிசி கம்பைலர்தான் லேத்.

'கிட் க்ளோன்' கொடுத்து கிட்ஹப்பிலிருந்து விம் சோர்ஸை இறக்கி, அந்த டைரக்டரிக்குள் போய் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். கூடவே 'ப்ரிஃபிக்ஸ்' ஆப்ஷனில் நம் ஹோம் டைரக்டரிக்குள் 'டாட் லோக்கல்' என்று இடம் சொல்லணும். சொல்லாவிட்டால் கடைசியில் பொதுவான இடத்தில் போடப் போய், பெர்மிஷன் இல்லை என்று நின்றுவிடும்.

கான்ஃபிகர் நம் மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்து, அதற்கேற்ப மேக் ஃபைலைத் தயார் செய்கிறது. என்கர்சஸ் மாதிரி டெர்மினல் லைப்ரரி எதுவும் கிடைக்காவிட்டால் எர்ரர் காட்டி நின்றுவிடும். அது நல்லதுதான், என்கர்சஸையும் இதே முறையில் ஹோம் டைரக்டரியிலேயே கட்டி, இடத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். சத்தமில்லாமல் போவதுதான் பேஜார்! எக்ஸ் லெவன் ஹெடர் ஃபைல்கள் இல்லையென்றால், ஓடுகிற அத்தனை வரிகளுக்கு நடுவே 'நோ' என்று மட்டும் சொல்லிவிட்டு, கிளிப்போர்டு வசதியை விட்டுவிட்டு மேலே போய்விடும். அதனால் கட்டி முடித்ததும் 'விம்' என்று தட்டி 'வெர்ஷன்' ஆப்ஷன் கொடுத்துப் பாருங்கள். வசதிகளின் பட்டியலில் இருப்பதற்கு ப்ளஸ், இல்லாததற்கு மைனஸ்.

அடுத்தது 'மேக்'. 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவி இது. நூற்றுக்கும் மேற்பட்ட சி ஃபைல்களை வரிசையாகக் கம்பைல் செய்யும். ஃபைலின் நேரத்தைப் பார்த்து, மாறியதை மட்டுமே மறுபடி தொடும். நடுவில் கரெண்ட் போய் வந்தாலும் முடிந்த வேலையைத் திரும்பச் செய்யாது. பிறகு 'மேக் இன்ஸ்டால்'. ஒருமுறை லாக் அவுட் செய்து வந்து 'விம்' என்று தட்டுங்கள். 'விஐ' என்றால் பழைய டைனிதான் வரும்!

முதல் திரையில் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி இருக்கும். 1991-இல் விம்மை வெளியிட்ட நெதர்லாந்துக்காரர் பிராம் மூலெனார், 1994-இல் அங்கே கிபாலே என்ற ஊரில் தொண்டு செய்தவர். விம்முக்குக் காசு கேட்காமல், அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்றார். 2023-இல் அவர் மறைந்த பிறகும் மற்றவர்கள் வேலையைத் தொடர்கிறார்கள்.

வெளியே வரத் தெரியாமல் முழிப்பவர்களுக்கு: எஸ்கேப், கோலன், க்யூ, என்டர்!