டின்னுக்கும் பூர்வீகம் உண்டு

நெகிரி செம்பிலானில் ரந்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர் கோலா சாவா. சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் கித்தா எனும் ரப்பர்க் காடு. பிறகு செம்பனை வந்தது. இந்த வட்டாரத்துத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் ‘காலி டின்’ என்று தூக்கிப்போட எதுவும் இருந்ததில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்த டின் தண்ணீர் வாளியானது. பால் டின் அரிசி அளக்கும் படியானது. பிஸ்கட் டின்னில் பிறப்புப் பத்திரமும் சிவப்பு அடையாள அட்டையும் பத்திரமாகக் கிடந்தன. மைலோ டின்னில் துளசி வளர்ந்தது.

இல்லாமை கற்றுத்தந்த சிக்கனம் என்று இதை ஒரே வரியில் கடந்துவிடலாம். ஆனால் எந்த டின்னை எதற்கு வைத்தார்கள், எதை எதற்கு வைக்கவில்லை என்று கவனித்தால் அதற்குள் நல்ல வேதியியல் இருக்கிறது. பழைய கலனுக்குப் புது வேலை கொடுக்கும் முன் அதன் பூர்வீகம் தெரிய வேண்டும். அது எதனால் ஆனது? அதற்குள் முன்பு என்ன இருந்தது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தவரை மறுபயன்பாடு லாபம். பதில் தெரியாமல் செய்தால் அதுவே விஷம்.

மண்ணெண்ணெய் டின்

பழைய மண்ணெண்ணெய் டின் சதுரமானது. கொள்ளளவு 4 இம்பீரியல் கேலன், அதாவது 18 லிட்டரும் கொஞ்சமும். மரப்பெட்டிக்கு இரண்டு டின் என்று அடைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். உருண்டை டின் என்றால் மூலைக்கு மூலை இடம் வீணாகும். இன்று கடைகளுக்கு வரும் 17 கிலோ சமையல் எண்ணெய் டின் ஏறக்குறைய அதே உருவத்தின் வாரிசுதான்.

எண்ணெய் தீர்ந்ததும் மேல்தகட்டை உளியால் வெட்டி எடுப்பார்கள். வெட்டிய விளிம்பை உள்பக்கமாக மடக்கிச் சுத்தியலால் தட்டுவார்கள். கை கிழியாது என்பது ஒரு பக்கம். ஒற்றைத் தகட்டைவிட மடித்த விளிம்பு எளிதில் வளையாது என்பது இன்னொரு பக்கம். வாயின் குறுக்கே ஒரு கட்டையை வைத்து இருபுறமும் ஆணியடித்தால் கைப்பிடி தயார். காண்டாக் கம்பின் இரு முனையிலும் நிறைந்த டின் தொங்கினால் தோளில் ஏறும் கனம் 36 கிலோவுக்கு மேல்.

மண்ணெண்ணெய் இருந்த டின்னில் தண்ணீர் பிடிப்பது எப்படிச் சாத்தியம்? உலோகத் தகட்டுக்குள் எண்ணெய் ஊறாது. மேலே படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். சமையல் எண்ணெயாக இருந்தால் சாம்பலின் காரம் அதில் கொஞ்சத்தைச் சோப்பாகவே மாற்றிவிடும். மண்ணெண்ணெய் கனிம எண்ணெய், சோப்பாகாது. அங்கே சாம்பல் துகள்கள் எண்ணெயை உறிஞ்சித் தேய்த்தெடுக்கின்றன. அப்புறம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் மிச்சமிருப்பது நீராவியோடு சேர்ந்து வெளியேறும். தகடு மடியும் மூலைகளில் மட்டும் எண்ணெய் ஒளிந்திருக்கும். அதனால் துணி அவிக்கவும் குளிக்கவும் அந்த டின் பொருத்தம். குடிதண்ணீருக்கு வேறு பாத்திரமே நல்லது.

இந்த டின் நெடுநாள் தாங்காது. அதற்கும் காரணம் இருக்கிறது. டின் என்பது இரும்புத் தகடு. அதன்மேல் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயப் பூச்சு. பூச்சு முழுசாக இருக்கும்வரை இரும்பு தப்பிக்கும். ஓரிடத்தில் கீறல் விழுந்து ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம் ஆகிவிடும். அதில் கரைவது இரும்பு. எனவே கீறல் விழுந்த டின்னில், பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாக ஓட்டை விழும்.

ஜிங்க் எனும் துத்தநாகம் பூசிய வாளியில் கதை தலைகீழ். கீறல் விழுந்தாலும் துத்தநாகமே முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். ஆனால் அந்த வாளியில் புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி வைக்கக் கூடாது. அமிலத்தில் துத்தநாகம் கரைந்து வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். பித்தளைப் பாத்திரத்துக்கு நம் ஊர்களில் வெள்ளீயம் பூசியதும் இதே கணக்கில்தான்: புளி செம்பைத் தொடக் கூடாது.

இந்த வெள்ளீயம் நெகிரி செம்பிலான் மண்ணுக்கு அந்நியமானதும் அல்ல. சிரம்பான் வட்டாரம் சுங்கை ஊஜோங் என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. அங்கே தோண்டிய வெள்ளீயம் லிங்கி ஆற்று வழியாகக் கடலுக்குப் போனது.

பால் டின்

பாலை வெற்றிடத்தில் சுண்டவைத்துக் கெட்டியாக்கும் முறைக்கு அமெரிக்காவில் கெய்ல் போர்டன் காப்புரிமை பெற்றது 1856இல். குளிர்பெட்டி இல்லாத வெப்ப நாடுகளில் கெட்டிப்பால் பரவியதற்குக் காரணம் அதில் சேர்த்த சர்க்கரை. பாலிலுள்ள நீரைச் சர்க்கரை தன்பக்கம் பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமி வளர ஈரம் கிடைப்பதில்லை.

ஒரு டின்னில் 14 அவுன்ஸ், அதாவது 397 கிராம் பால். அந்தப் பால் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு அடர்த்தி. ஆகவே டின்னின் கொள்ளளவு 300 மில்லிலிட்டரை ஒட்டி வரும். அதே டின்னில் தலைதட்டி அரிசி அளந்தால் சுமார் கால் கிலோ. நாலு டின் போட்டால் ஒரு கிலோ. ஆலையில் அச்சுப் பிசகாமல் செய்த டின் என்பதால் லயத்தின் முதல் வீட்டு அளவும் கடைசி வீட்டு அளவும் ஒன்றாகவே இருக்கும். கடன் வாங்கிய அரிசியைத் திருப்பிக் கொடுக்கும்போது சண்டை வராது. யாழ்ப்பாணத்தில் ‘சுண்டு’ என்று அளப்பதும் இதே பால் டின்னால்தான்.

பிளாஸ்டிக் பை வருவதற்கு முன் மலாயாவின் கோப்பிக் கடைகளில் பொட்டலக் கோப்பியும் பால் டின்னில்தான் போனது. மூடியைப் பாதி திறந்து, கயிறு கோத்து, சூடான கோப்பியை ஊற்றிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கலாம். வாங்கி வந்து உடனே குடிப்பதற்கு அது போதும். அதிலேயே மிச்சம் வைப்பது வேறு விஷயம். டின்னைத் திறந்ததும் ஆக்சிஜன் உள்ளே போகிறது. புளிப்புப் பண்டம் இருந்தால் வெள்ளீயம் கரையும் வேகம் கூடுகிறது. டின்னில் அடைத்த உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் வெள்ளீயம் கூடாது என்பது கோடெக்ஸ் எனும் அனைத்துலக உணவுத் தரவிதி. திறந்த அன்னாசி டின்னைக் குளிர்பெட்டியில் அப்படியே வைக்காமல் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றச் சொல்வது இதனால்தான்.

பழைய டின்களில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அவற்றின் பக்கவாட்டு மூட்டைக் காரீயம் கலந்த பற்றாசால் ஒட்டினார்கள். காரீயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. அமெரிக்கா அப்படி ஒட்டிய உணவு டின்களை 1995இல் தடைசெய்தது. இப்போதைய டின்களின் மூட்டு மின்சாரத்தால் பற்றவைத்தது. எனவே பாட்டி காலத்து டின் கையில் கிடைத்தால் ஆணி போட்டு வையுங்கள், ஊறுகாய் வேண்டாம்.

மங்கும் பித்தளையும்

பால்மரம் வெட்டியவர்களுக்கு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களுக்கு, கலன் பற்றிய அறிவு தொழிலோடு வந்தது. ஆரம்பத்தில் கொட்டாங்கச்சியையும் பால் பிடிக்கக் கட்டினார்கள். அதன் நுண்துளைகளில் பழைய பாலும் பாக்டீரியாவும் தங்கிவிடும். பாக்டீரியா அமிலத்தைச் சுரந்தால் பால், மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கிலேயே உறைந்துபோகும். தோட்டத்தின் பால் ஸ்டோரில் தரம் குறைந்த ஒட்டுப்பாலாகத்தான் அதை எடுப்பார்கள். வழவழப்பான பீங்கான், கண்ணாடி மங்குகள் வந்ததும், மரத்துக்கு மரம் மங்கைத் துடைத்த பிறகே வெட்டியதும் இதன் பொருட்டுத்தான்.

பால் வாளியாகப் பித்தளையோ செம்போ ஆகாது. செம்பு துளி கரைந்தாலும் ரப்பர் காற்றோடு சேர்ந்து சிதைவதை அது முடுக்கிவிடும். நாளடைவில் ரப்பர் பிசுபிசுவென்று இளகிப்போகும். ரப்பர் பாலிலுள்ள திடப்பொருளில் கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக் கூடாது என்பது அனைத்துலகத் தரம். அமிலம் ஊற்றி உறையவைக்கும் தட்டுகள் அலுமினியத்தில் இருந்தது தற்செயல் அல்ல.

மருந்து கேன்

இந்த அறிவு தடுமாறியது பிளாஸ்டிக் வந்த பிறகு. செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடிப்பதைத் தோட்டத்தில் ‘மருந்து அடிக்கிறது’ என்பார்கள். அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தது. அவர்களின் உடல்நிலையை ஆராய்ந்து தெனாகானித்தா என்ற மலேசிய உரிமை அமைப்பு 2002இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் படிப்படியாகத் தடைசெய்வதாக மலேசிய அரசு அதே ஆண்டு அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு வாய் விழுங்கினாலே உயிரைப் பறிக்கும் அந்த மருந்துக்கு நச்சுமுறிவு மருந்து கிடையாது.

மருந்து தீர்ந்த கேனைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கெட்டியான பிளாஸ்டிக், இறுக்கமான மூடி, வாகான கைப்பிடி. மண்ணெண்ணெய் டின்னைக் கழுவிய பழக்கத்தில் இதையும் கழுவினால் போதும் என்று தோன்றும். போதாது. இந்தக் கேன் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். அதன் நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே இடைவெளிகள் உண்டு. எண்ணெயிலும் கரைப்பான்களிலும் கலந்த பூச்சிக்கொல்லிகள் அந்த இடைவெளிகளுக்குள் மெல்ல ஊறிப் போகும். கழுவும்போது மேலே இருப்பது மட்டுமே போகும். பிறகு தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைத்தால் உள்ளே ஊறியது மெல்லத் திரும்பி வெளியே வரும். மஞ்சள் போட்ட கறி வைத்த பிளாஸ்டிக் டப்பா எத்தனை தேய்த்தாலும் கறையும் வாடையும் போகாமல் இருப்பதில்லையா? அங்கே நடப்பதும் இதுவே. பாராகுவாட் உப்பு வகை. அது பிளாஸ்டிக்கில் அவ்வளவாக ஊறாது. ஆனால் மூடியின் மரையிலும், உள்ளே குடைவான கைப்பிடியிலும் தங்கும்.

அப்புறப்படுத்தும் முன் கேனை மூன்று முறை அலசச் சொல்வதன் கணக்கு எளிது. 10 மில்லிலிட்டர் மருந்து மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தால், மீண்டும் 10 மில்லிலிட்டர் தங்கும். அதன் வீரியம் ஏறக்குறைய நூறில் ஒன்று. இரண்டாம் அலசலில் பத்தாயிரத்தில் ஒன்று. மூன்றாவதில் பத்து லட்சத்தில் ஒன்று. அதே மூன்று லிட்டரையும் ஒரே தடவையில் ஊற்றிக் கவிழ்த்தால் முந்நூறில் ஒன்றுதான். அலசிய தண்ணீர் தெளிப்பான் தொட்டிக்கே திரும்ப வேண்டும், வாய்க்காலுக்கு அல்ல. அலசி முடித்ததும் கேனில் ஓட்டை போட வேண்டும், யாரும் தண்ணீர் பிடிக்க முடியாதபடி.

டின்னுக்குள் கொசு

எதற்கும் பயன்படாமல் வெளியே கிடக்கும் டின்னையும் ஒருவர் பயன்படுத்திக்கொள்வார்: ஏடிஸ் கொசு. கேரளத்தில் 2006, 2007 ஆண்டுகளில் சிக்குன்குனியா பரவியபோது ரப்பர் தோட்டங்களில் மழைநீர் தேங்கிய பால் மங்குகள் அந்தக் கொசுவின் பிள்ளைப்பேற்று அறைகளாக இருந்தன. வெட்டு நின்ற தோட்டத்தில் மங்கைக் கவிழ்த்து வைக்காமல் போவது எவ்வளவு ஆபத்து என்பதை அது காட்டியது. டயர், பூச்சட்டி, தயிர் டப்பா எல்லாம் இதே ரகம். ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் காய்ந்தாலும் முட்டை பல மாதம் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் பொரியும். ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறந்துவிடும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். கொசு வளர இடம் கொடுத்தால் மலேசியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

பழசைத் தூக்கியெறியாத பழக்கம் நல்ல பழக்கம். அதை விட வேண்டாம். கண்ணாடிக் குப்பியும் எவர்சில்வர் டப்பாவும் நன்றாகக் கழுவினால் மறுபடி சமையலறைக்கே வரலாம். டின் உலர்ந்த பொருளுக்கு, செடிக்கு, ஆணிக்கு. உணவு வந்த பிளாஸ்டிக் டப்பாவில் சூடானதும் எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். பருப்பு, கடுகு வைக்கலாம். செடி வைக்கும் டின்னுக்கு அடியில் ஓட்டை போடுங்கள். தண்ணீர் பிடிக்கும் தோம்பை வாரம் ஒருமுறை தேய்த்து மூடி வையுங்கள். மருந்து, பெயிண்ட், பெட்ரோல் இருந்த கலன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்குள் வரக் கூடாது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத கேனுக்கும் அதே தீர்ப்புதான்.