வீடு விற்கும்போது நினைவுக்கு வரும் மகள்கள்

அவிநாசியில் இருக்கும் எங்கள் குடும்ப வீட்டை விற்பதென்று சென்ற ஆண்டு முடிவெடுத்தோம். தாத்தா தம் சம்பாத்தியத்தில் இடம் வாங்கிக் கட்டிய ஓட்டு வீடு அது. பக்கத்துக் கொட்டகையில் ஒரு காலத்தில் நான்கு விசைத்தறிகள் ஓடின. இப்போது அங்கே யாரும் இல்லை. பிழைப்பு எங்களைத் திருப்பூருக்கும் கோவைக்கும் இழுத்துச் சென்றுவிட்டது. பின்னலாடைத் தொழிலால் நிலத்தின் விலை ஏறியிருந்த நேரத்தில், கிடங்கு கட்டுவதற்காக ஒருவர் இடத்தைக் கேட்டு வந்தார்.

அப்பா மறைந்துவிட்டதால், சித்தப்பாவுக்குப் பாதி, எனக்குப் பாதி என்றே எண்ணியிருந்தேன். பட்டா அப்பா, சித்தப்பா இருவர் பெயரில் இருந்தது. வீட்டு வரியையும் அவர்களே கட்டிவந்தார்கள். ஆவணங்களைப் பார்த்த வாங்குபவரின் வழக்கறிஞர் ஒரு கேள்விதான் கேட்டார்: “உங்கள் தாத்தாவுக்கு மகள் உண்டா?”

உண்டு. பல்லடத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தை.

பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். ‘பூர்வீகச் சொத்து’ என்று நாம் பொதுவாகச் சொல்வது எல்லாம் சட்டப்படி பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. ஓர் இந்து ஆண் தாமே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டு இறந்தால், அவருடைய மனைவி, தாய், மகன்கள், மகள்கள் அனைவருக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே மகளுக்கு உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்தது. ஆனால், அதற்கு முன்பே திருமணமான பெண்களை அது விலக்கியது. 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

தாத்தா 1994-இல் இறந்தார். பாட்டி, அப்பா, சித்தப்பா, அத்தை ஆகிய நால்வருக்கும் சம பங்கு. பாட்டி இறந்த பின் அவருடைய பங்கும் பிள்ளைகளுக்கே சேர, மூவருக்கும் மூன்றில் ஒன்று. அப்பாவின் பங்கு அம்மா, நான், தங்கை என மூன்றாகப் பிரிகிறது. பாதி என்று நான் எண்ணியிருந்தது, கணக்கில் ஒன்பதில் ஒன்றாகிவிட்டது.

“கல்யாணத்திலேயே நகையும் சீரும் செய்தாயிற்றே” என்றார் சித்தப்பா. சீர் செய்ததால் வாரிசுரிமை போய்விடாது. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமைக்குச் சான்று அல்ல. உடன்பிறந்தவர்களில் ஒருவர் நெடுநாள் அனுபவித்தார் என்பதாலேயே மற்றவருடைய பங்கு அழிந்துவிடுவதும் இல்லை.

அத்தை ஏன் இத்தனை ஆண்டுகள் கேட்கவில்லை? தெரியாதது ஒரு காரணம். சட்டமும் அவருக்குத் துணை நிற்கவில்லை. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பாகம் கேட்க முடியாது என்ற 23-ஆம் பிரிவு 2005 வரை நடைமுறையில் இருந்தது.

இத்தகைய நேரங்களில் நம் ஊரில் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு சேலை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விடுதலைப் பத்திரம் என்பது தம் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம். அறிந்து, மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. பங்கு இருப்பதே தெரியாமல் ஒப்பமிடுவது வேறு.

நாங்கள் விவரம் சொல்லப் போனபோது, “கையெழுத்துத்தானே கண்ணு, எங்கே போடோணும்?” என்றார் அத்தை. பணத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. உட்கார்ந்து கணக்கைச் சொன்னோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. கிரயப் பத்திரத்தில் விற்பவர்களில் ஒருவராக அவர் பெயரும் எழுதப்பட்டது. அவருடைய பங்குத் தொகை நேராக அவர் வங்கிக் கணக்குக்கே சென்றது.

வீட்டை விற்க முன்பணம் வாங்குவதற்கு முன், சொத்து யார் பெயரில் வந்ததோ அவரில் தொடங்கி வாரிசுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மகள்களை விடாமல் எழுதுங்கள். அத்தையை மறந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாதி எனக்கு என்று கணக்குப் போட்ட அன்று, அம்மாவையும் தங்கையையும் நான் மறந்துதான் இருந்தேன்.