ஓலைக்குள் வேகும் கார்த்திகை

கார்த்திகை தீபத்தன்று தாம்பரத்தில் எல்லா வீட்டிலும் பொரி உருண்டை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் வீட்டில் ஓலைக் கொழுக்கட்டை வேகும். வறுத்த அரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலம் எல்லாம் பிசைந்து, பனங்குருத்தோலையில் அடைத்துக் கட்டி ஆவியில் வைத்தால் ஓலை மணம் மாவில் இறங்கிவிடும். இங்கே ஓலை தேடுவதுதான் பெரும்பாடு!

ஜப்பானியர்களும் மே 5, சிறுவர் திருநாளுக்கு, பயறுப் பூரணம் வைத்த அரிசி மாவு இனிப்பை ஓக் இலையில் பொதிகிறார்கள். பெயர் காஷிவா மோச்சி. புதுத்தளிர் வரும்வரை பழைய இலை உதிராத மரம் என்பதால், வம்சம் தழைக்கும் என்று நம்பிக்கை. அந்த இலையைத் தின்பதில்லை. வசந்தகால சகுரா மோச்சியில் உப்பிலிட்ட செர்ரி இலையைச் சேர்த்தே கடிக்கலாம்.