குசினிப் புகையும் கூடிவரும் வெப்பமும்

காலநிலை மாற்றம் என்றதும் பெரிய தொழிற்சாலைகளும் விமானங்களும் வெளிநாட்டு மாநாடுகளுமே எமது நினைவுக்கு வருகின்றன. அந்தக் கதையில் குசினிக்கும் ஓர் இடம் உண்டு என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. உலகில் இன்றும் ஏறக்குறைய 210 கோடி மக்கள் விறகு, சாணகம், கரி, மண்ணெண்ணெய் என்பவற்றை எரித்தே சமைக்கிறார்கள். இலங்கையில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நான்கில் மூன்று பங்குக்கும் கூடுதலான வீடுகளில் விறகே எரிபொருளாக இருந்தது. அந்த அடுப்பின் முன்னால் குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதுகிறவர் பெரும்பாலும் ஒரு பெண்தான். ஆகவே 'தூய தொழில்நுட்பம்' என்று இன்று எல்லோரும் கதைக்கின்ற விடயத்தை நாம் அடுப்படியிலிருந்தே பார்க்கத் தொடங்குவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பூமி சூடாவதற்கு எமது விறகடுப்பு முதற் காரணம் அல்ல. தொழிற்புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்தில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதியும் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்ததால் வந்தது. உலகச் சராசரியாக ஒரு மனிதருக்கு ஆண்டொன்றுக்கு நாலரைத் தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. இலங்கையரின் பங்கு ஏறக்குறைய ஒரு தொன் மட்டுமே. ஓலைக் கொட்டிலில் இருப்பவரின் பங்கு அதிலும் குறைவு.

ஆனால் அடி விழுவது எங்கே? 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது வன்னியில் தறப்பாளின் கீழ் இருந்தவர்கள், போருக்கு அஞ்சி ஓடிவந்த இடத்திலேயே வெள்ளத்துக்கும் அஞ்சி ஓட வேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் நாடு முழுவதும் 600 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. புயல்கள் முன்னரும் வந்தன, உண்மைதான். ஆனால் வளி ஒரு பாகை சூடானால் அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அந்த நீர் மழையாகத்தான் கொட்ட வேண்டும். மூன்று நான்கு தடவை இடம்பெயர்ந்து, கடைசியில் ஒரு கூரையைப் போட்டு நிமிர்ந்த பெண்ணுக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தி அல்லவே.

இனிப் புகைக்கு வருவோம். விறகு முழுமையாக எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும்தான் மிஞ்சும். வெட்டிய மரத்துக்குப் பதிலாக இன்னொன்று வளர்ந்தால் அந்தக் காபன் மீண்டும் மரத்துக்குள் போய்ச் சேரும். ஆனால் எமது அடுப்பில் விறகு முழுமையாக எரிவதில்லை. ஈர விறகு, போதாத காற்று, சூடாகாத அடுப்பு ஆகிய காரணங்களால் காபனோரொட்சைட்டு, மெதேன், கரித்துகள் என்பன வெளியேறுகின்றன. சட்டியின் அடியில் ஒட்டுகிறதே, அந்தக் கரிதான் வானுக்கும் போகிறது. கறுப்பு நிறமாகையால் அது வெயிலை உறிஞ்சி வளியைச் சூடாக்குகிறது. இமயமலைப் பனியில் படிந்து அதனை விரைவாக உருக வைக்கிறது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. காபனீரொட்சைட்டு நூற்றாண்டுக் கணக்கில் வளிமண்டலத்தில் நிற்கும். கரித்துகளோ சில நாட்களில், கூடினால் ஒன்றிரண்டு வாரங்களில் மழையோடு கீழே வந்துவிடும். ஆகவே இன்று புகையைக் குறைத்தால் பலன் விரைவாகவே தெரியும்.

விறகை விடவும் மோசமானது திரி விளக்கு. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டு, சில கரண்டி எண்ணெயில் இரவைக் கழித்ததையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதையும் எம்மில் யார் மறப்போம்? அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளுக்குக் காலையில் மூக்கு நிறையக் கரி இருக்கும். சாதாரணத் திரி விளக்கில் எரிகிற மண்ணெண்ணெயில் நூற்றுக்கு 7 முதல் 9 பங்கு கரித்துகளாகவே மாறுகிறது என்று 2012 இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அதுவரை விஞ்ஞானிகள் நினைத்திருந்ததை விட இது பல மடங்கு கூடுதல். விளக்குச் சரிந்து எரிகாயப்பட்டவர்களின் கதை தனி. அந்தக் காயங்களுக்கு மருந்திட்டுச் சலித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களில் கட்டையாகவும் பாரமாகவும் தட்டைப் பக்கங்களோடும் திருகு மூடியோடும் 'சுதீப' என்ற போத்தல் விளக்கை உருவாக்கினார். தட்டினாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எளிய பொருளைப் பற்றி ஆழமாக யோசிப்பதும் தொழில்நுட்பமே என்பதற்கு இதனைவிட நல்ல உதாரணம் எமது நாட்டில் இல்லை.

குசினிப் புகையால் வரும் நோய்களால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஓயாத இருமல், முட்டு, குழந்தையின் நிமோனியாக் காய்ச்சல், கண் வெண்படலம் என்பவற்றை நாம் வேறு வேறு காரணம் சொல்லிக் கடந்துபோகிறோம்.

அப்படியானால் அடுப்பை எப்படி மாற்றுவது? மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் பானைக்குச் சேருகிறது. மிச்சம் குசினியைச் சூடாக்கிவிட்டுப் போய்விடும். இந்த வீணடிப்பைக் குறைக்க 1980களில் இலங்கை மின்சார சபையும் ஐ.ரி.டி.ஜி. என்ற பிரித்தானிய அமைப்பும் சேர்ந்து முயன்றதன் விளைவாக 'அனகி' என்ற களிமண் அடுப்பு வந்தது. சிங்களத்தில் அதற்கு 'மேன்மையானது' என்று பொருள். பின்னர் கண்டியைத் தளமாகக் கொண்ட ஐடியா நிறுவனம் குயவர் குடும்பங்களுக்குப் பயிற்சி கொடுத்து அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இலவசமாகக் கொடுத்துக் கைவிடப்பட்ட பொருளாக அது இருக்கவில்லை. குயவர் செய்தார், கடைக்காரர் விற்றார், வீட்டுப் பெண் காசு கொடுத்து வாங்கினார். அதனால்தான் நிலைத்தது.

அனகி அடுப்பில் விறகு வைக்க ஒரே வாய். பானை வைக்க இரண்டு இடம். முதலாவது பானையின் கீழ் எரியும் சுவாலை ஒரு குறுகிய வழியூடாக இரண்டாவது பானைக்குப் போகிறது. சோறு வேகும்போதே பக்கத்தில் கறியும் வெந்துவிடும். சரியாகப் பாவித்தால் விறகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மூன்று சுமைக்குப் பதிலாக இரண்டு சுமை. மீள்குடியேறிய காலத்தில் மிதிவெடிக்குப் பயந்து பயந்து விறகுக்குப் போனவர்களுக்கு ஒரு சுமையின் பெறுமதி தெரியும்.

இந்த அடுப்பை அப்படியே வெறுமனே வைத்தால் சீக்கிரம் வெடித்துவிடும். களிமண்ணோடு மணலும் உமியும் அல்லது நறுக்கிய வைக்கலும் குழைத்துச் சுற்றிவரக் கட்டிப் பூசினால் பல ஆண்டுகள் உழைக்கும். வெறும் களிமண்ணைத் தடிப்பாகப் பூசினால் மண்ணே வெப்பத்தைக் குடித்துவிடும். உமி எரிந்து விட்டுச்செல்லும் நுண்ணிய காற்றிடைவெளிகள்தான் வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றன. விறகைச் சிறிதாகப் பிளந்து, நன்றாகக் காய வைத்து, வாயை அடைக்காமல் இரண்டு மூன்றாக வையுங்கள். பச்சை விறகின் பாரத்தில் பாதிவரை தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே நெருப்பின் பலம் போய்விடும். பிறகு பானையை எதனால் கொதிக்க வைப்பது?

உண்மையை மறைக்கவும் கூடாது. புகைக்கூடு இல்லாத எந்த விறகடுப்பும் முற்றாகத் தூயது அல்ல. ஆபிரிக்காவிலுள்ள மலாவியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில், திருத்திய அடுப்புக் கொடுத்த வீடுகளிலும் நிமோனியா குறையவில்லை என்று 2016 இல் தெரியவந்தது. இந்திய அரசு 1983 முதல் 2002 வரை 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது, பெரும்பாலானவை நீடிக்கவில்லை. ஒடிசாவில் பின்னர் நடந்த ஓர் ஆய்வும் இதனையே சொன்னது. முதலாண்டில் புகை குறைந்தது. பிறகு அடுப்பு உடைந்தது, பெண்கள் பழைய கல்லுக்கே திரும்பினார்கள். அந்தப் பெண்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. எந்த அளவுப் பானை வைப்பீர்கள், உடைந்தால் யார் திருத்துவது என்று அவர்களைக் கேட்காமல் கொடுத்த அடுப்பு வேறென்ன ஆகும்?

காஸ் வாங்க வசதியுள்ளவர் அதில் சமைப்பதற்காகக் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. அதுவும் நிலத்தடி எரிபொருள்தான் என்றாலும் புகை மிகக் குறைவு. ஆனால் அதனை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை 2022 காட்டியது. ஒரு சிலிண்டர் ஐயாயிரம் ரூபாவை நெருங்கி, அதற்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது கொழும்பு வீடுகளும் விறகைத் தேடின.

நெருப்பே இல்லாமல் வேகவைக்கும் வழி ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பிரித்தானியப் பெண்கள் வைக்கற்பெட்டியைப் பாவித்தார்கள். எமக்கு ஒரு பெரிய கடகமும் காய்ந்த வைக்கலும் போதும். கடகத்துக்குள் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் வைக்கலை இறுக்கி அடைந்து நடுவில் பானைக்குக் குழி விடுங்கள். சோற்றுப் பானை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதித்ததும் இறுக மூடி, அடியில் தணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்து, குழிக்குள் வைத்து, மேலே வைக்கல் அடைத்த தலையணையால் மூடிவிடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் சோறு வெந்திருக்கும். ஊறவைத்த கடலை, பயறு என்றால் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து, இரண்டு மூன்று மணித்தியாலம் விட வேண்டும். நிறைந்த பானையில்தான் இது நன்றாக வரும். இறைச்சிக்கு வேண்டாம், உள்ளே சூடு தணிந்தால் பழுதாகும். அந்த ஒரு மணித்தியாலத்தில் பானையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது தையலோ தோட்டமோ செய்து குடும்பத்தைத் தனியாக நடத்தும் பெண்ணுக்குப் பெரிய ஆறுதல்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை சூரிய ஒளி எமக்குக் குறைவில்லாதது. 2010 இலிருந்து பத்தாண்டுகளில் சோலர் தகடுகளின் விலை பத்தில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. ஆனால் பொருள் மலிந்தால் மட்டும் போதுமா? உலக வங்கிக் கடனுதவியோடு 1997 முதல் இலங்கையில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சோலர் பொருத்தப்பட்டது. பற்றரி செத்ததும், மின்கம்பி வந்ததும் பல வீடுகளில் அவை மூலைக்குப் போயின.

இந்தியாவின் ராஜஸ்தானிலுள்ள திலோனியா என்ற கிராமத்தில் வேறொரு வழியைக் காட்டினார்கள். 1972 இல் பங்கர் ராய் ஆரம்பித்த 'வெறுங்கால் கல்லூரி' அங்கே இருக்கிறது. 2000களின் நடுப்பகுதியிலிருந்து போரால் சிதைந்த ஆப்கானிஸ்தான், சியெரா லியோன் உட்படப் பல நாடுகளிலிருந்து பெண்கள் அங்கே வந்தார்கள். பெரும்பாலும் எழுத வாசிக்கத் தெரியாத நடுத்தர வயதுப் பெண்கள்; பேரப்பிள்ளை கண்டவர்கள். பொதுமொழி கிடையாது. கம்பிகளின் நிறத்தையும் கைச்சாடையையும் வைத்தே ஆறு மாதத்தில் சோலர் விளக்கைப் பொருத்தவும் திருத்தவும் பழகினார்கள். இளைஞருக்குச் சான்றிதழ் கொடுத்தால் நகரத்துக்குப் போய்விடுவார். பாட்டி ஊரை விட்டுப் போகமாட்டார் என்பது ராயின் கணக்கு. ஊர்க் குழு வீடுகளிடம் மாதாந்தம் சேர்க்கும் சிறு தொகையிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சம்பளமும் உண்டு. விளக்கு அணைந்தால் யாரிடம் போவது என்ற கேள்விக்கு அந்த ஊர்களில் ஒரு பெண்ணின் பெயர் பதிலாக இருந்தது.

உங்கள் வீட்டில் பழைய ஈயப் பற்றரி இருந்தால் முற்றாக இறங்கும்வரை பாவிக்காதீர்கள். பற்றரித் தண்ணீர் குறையாமல் பாருங்கள். செத்த பற்றரியை வளவில் உடைக்கவே வேண்டாம். மண்ணில் சேரும் ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

கேட்காமல் கொடுத்த அடுப்புக்கு நடந்தது காற்றாலைக்கும் நடக்கலாம். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் 30 கோபுரங்களோடு 'தம்பபவனி' திறக்கப்பட்டது. நூறு மெகாவாற்றுக்கும் மேலான மின்சாரம், புகையில்லாமல். நாட்டுக்கு அது தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 2025 ஓகஸ்டில் மேலும் காற்றாலைகளுக்கான பாகங்களைத் தீவுக்குள் கொண்டுவந்தபோது மக்கள் வீதிக்கு இறங்கினார்கள்; போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. பாதைக்கும் அத்திவாரத்துக்கும் நிலத்தை உயர்த்திய பிறகு மழைவெள்ளம் எந்த வழியால் கடலுக்குப் போகும், வலசை வரும் பறவைகளுக்கு என்ன ஆகும், கரைவலை இழுக்கும் இடம் மிஞ்சுமா என்று கேட்டார்கள். கணவரைப் போரில் இழந்து, கருவாடு காயவைத்துப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கு அந்தக் கரைதான் வயல்.