பிண்ணாக்கு மட்டும் பாலைக் கூட்டுமா?

வரட்சிக் காலத்தில் பால் குறைந்ததும் பிண்ணாக்கைக் கூட்டிக் கொடுப்பது எமது பண்ணையாளர் பலரின் வழக்கம். செலவு கூடுகிறது, பாலோ எதிர்பார்த்த அளவுக்குக் கூடுவதில்லை. இது ஏன்?

பசுவின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதலாவது பெரிய அறையில் கோடானுகோடி நுண்ணங்கிகள் வாழ்கின்றன. புல்லையும் வைக்கோலையும் சமிபாடடையச் செய்பவை இவையே. பசுவுக்கு வேண்டிய புரதத்தின் பெரும்பகுதியும் இவற்றின் உடலிலிருந்தே கிடைக்கிறது. எனவே, பசுவுக்குத் தீனி போடும்போது முதலில் இந்நுண்ணங்கிகளுக்கே தீனி போடுகிறோம்.

இவை பெருகுவதற்குச் சக்தியும் புரதமும் ஒருங்கே வேண்டும். சக்தி போதாமல் புரதம் மட்டும் கூடினால், மிஞ்சிய புரதம் அமோனியாவாகி, ஈரலில் யூரியாவாக மாறிச் சிறுநீருடன் வெளியேறும். காசு கொடுத்து வாங்கிய பிண்ணாக்கின் ஒரு பகுதி இவ்வாறு வீணாகிறது. மறுபுறம், வைக்கோலில் புரதம் ஏறத்தாழ 4 வீதமே உண்டு. தீனியில் புரதம் 7 வீதத்திலும் குறைந்தால் நுண்ணங்கிகள் நன்கு வேலை செய்யா. வைக்கோல் வயிற்றில் தேங்கும். பசு உண்பதும் குறையும்.

கன்று ஈன்று 6 முதல் 8 கிழமைகளில் பால் உச்சத்தை அடைகிறது. பசு உண்ணும் அளவு அதற்குப் பின்னரே உச்சமடையும். இடைப்பட்ட காலத்தில் அது தன் உடற்கொழுப்பைக் கரைத்தே பால் தருகிறது. அளவுக்கு மீறி மெலிந்தால் பால் குறையும். உரிய காலத்தில் சினைப்படவும் மாட்டாது. அடுத்த கன்றும் அடுத்த கறவையும் பிந்திவிடும்.

நீங்கள் செய்யக்கூடியவை:

1. வைக்கோலுடன் சீமைக்கிளுவை இலையைச் சேருங்கள். அதன் உலர்நிறையில் 20 வீதமளவு புரதம் உண்டு. சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுத்தால் பசு விரும்பி உண்ணும்.

2. தேங்காய்ப் பிண்ணாக்குடன் சக்திக்காக உமி கலவாத தவிடு அல்லது உடைத்த சோளம் கலவுங்கள். சோளத்தை மட்டும் அள்ளிக் கொடுத்தால் வயிற்றில் அமிலம் கூடிப் பசு நோயுறும்.

3. இரண்டு முதல் இரண்டரை லீற்றர் பாலுக்கு 1 கிலோ கலவைத் தீனி என்பது பொதுவான கணக்கு. காலை, மாலை எனப் பிரித்துக் கொடுங்கள். புதிய தீனியை 10 நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

4. பாலில் 87 வீதம் நீரே. நல்ல தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும்.

நாளாந்தப் பால் அளவை எழுதி வையுங்கள். தீனியை மாற்றி இரண்டு கிழமைகளின் பின், கூடிய பாலின் வரவையும் கூடிய தீனியின் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பசுவுக்கு எது ஏற்றது என்பது அப்போது தெரியும்.