‘புரோரோக்’: ஒத்திவைப்பு மட்டும்தானா?

ஆங்கிலப் பத்திரிகைகளை நாள்தோறும் வாசிப்போரும் அரிதாகவே சந்திக்கும் சொற்களுள் ஒன்று ‘புரோரோக்’. பாராளுமன்றச் செய்திகளில் மட்டும் தலைகாட்டும் இச்சொல்லை நாம் பெரும்பாலும் ‘ஒத்திவைத்தல்’ என்றே தமிழில் எழுதிவிடுகின்றோம். ‘அட்ஜேர்ன்’ என்ற சொல்லுக்கும் அதனையே வழங்குகின்றோம். ஆனால், இவை இரண்டும் ஒன்றல்ல.

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியாகும். அதில் ‘ரோகாரே’ என்றால் கேட்டல். பண்டைய ரோமில் ஓர் அதிகாரியின் அதிகாரத்தை அதற்குரிய காலத்துக்கு அப்பாலும் நீடிப்பதை இச்சொல் குறித்தது. நீடித்தல் என்ற பொருள் நாளடைவில் காலந்தள்ளுதல் என்றாகி, ஆங்கிலத்தில் பாராளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்தல் என்பதாக நிலைபெற்றது.

சபை தனது அமர்வை மறுநாளுக்கோ மறுவாரத்துக்கோ தானே தள்ளிவைப்பது ஒத்திவைப்பு. கூட்டத்தொடரையே முடித்துவைப்பது சபையன்று. ஜனாதிபதியே பிரகடனத்தின் மூலம் அதனைச் செய்கின்றார். அடுத்த கூட்டத்தொடருக்கான திகதி இரண்டு மாதங்களுக்கு மேற்படலாகாது என்கிறது எமது அரசியலமைப்பின் 70 ஆவது உறுப்புரை. உறுப்பினர்கள் பதவி இழப்பதில்லை. கலைப்பு என்பதோ இதனினும் வேறானது. அதன்பின் பொதுத்தேர்தலே வழி.

2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி புதிய பிரதமர் நியமிக்கப்பட்டார். மறுநாளே பாராளுமன்றம் நவம்பர் 16 வரை முடித்துவைக்கப்பட்டது. பெரும்பான்மை எவர் பக்கம் என்பதைச் சபை உடனடியாகக் காட்ட இயலாதிருந்தமைக்கு இதுவே காரணம். நவம்பர் 9 இல் கலைப்பு அறிவிக்கப்பட்டது. அக்கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என டிசெம்பர் 13 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிரித்தானியாவிலும் 2019 இல் ஐந்து வாரங்களுக்கு இவ்வாறு செய்யப்பட்டபோது, அது சட்டவிரோதமானது என அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் 11 நீதியரசர்களும் செப்டெம்பர் 24 ஆம் திகதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர்.

இவற்றையெல்லாம் ‘ஒத்திவைப்பு’ என்று நாம் எழுதும்போது, சபை தானே கலைந்து சென்றது போன்ற தோற்றமே வாசகருக்கு ஏற்படுகின்றது. ‘கூட்டத்தொடர் முடித்துவைப்பு’ என்பது சற்று நீண்ட தொடர்தான். ஆயினும், மக்கள் பிரதிநிதிகள் தாமாகவே எழுந்து சென்றனரா, வெளியிலிருந்து கதவு சாத்தப்பட்டதா என்பதை மக்கள் அறிந்திருத்தல் வேண்டும். அதற்காகவேனும் அத்தொடரைக் கையாள்வதே தகும் என்பது எமது கருத்தாகும்.