மீட்டரில் காசு தீர்ந்தால் வீடே இருட்டு!
கேட்டால்தான் கிடைக்கும் கவுன்சில் உதவி

காசு போட்டால் கரண்ட், தீர்ந்தால் இருட்டு! இங்கிலாந்தில் லட்சக்கணக்கான வீடுகளில் இதுதான் கதி.

அந்த வீடுகளில் இருப்பது 'ப்ரீபேமென்ட்' மீட்டர். முன்கூட்டியே பணம் கட்டி ஏற்றினால்தான் விளக்கு எரியும், ஹீட்டர் சூடாகும்.

வெளியே பனி. வீட்டில் கைக்குழந்தை. பர்சோ காலி. என்ன செய்வது?

மீட்டர் தருவது கடன்

மீட்டரிலேயே கொஞ்சம் 'அவசர இருப்பு' உண்டு. ஆனால் அது ஓசி அல்ல. அடுத்த முறை காசு போட்டதும் பிடித்துக்கொள்வார்கள்.

அரசாங்கமும் முன்பு அவசரக் கடன் கொடுத்து வந்தது. 2013 ஏப்ரலில் அதை ரத்து செய்து, பொறுப்பைக் கவுன்சில்கள் தலையில் கட்டியது. கவுன்சில் என்றால் நம்ம ஊர் முனிசிபாலிட்டி மாதிரி.

திருப்பிக் கட்ட வேண்டாம்

2021 அக்டோபரில், கரண்ட், கேஸ், சாப்பாட்டுச் செலவுக்கென 'ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட்' வந்தது. 2026 மார்ச்சோடு அது முடிந்தது. ஏப்ரல் 1 முதல் அதற்குப் பதில் 'கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட்'.

இது கடன் அல்ல, உதவி. வேலை பார்ப்பவரும் கேட்கலாம். எவ்வளவு, யாருக்கு என்பது ஊருக்கு ஊர் மாறும். பக்கத்து ஊர்க்காரருக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கும் என்று இருந்துவிடக் கூடாது.

வீடு தேடி வந்து யாரும் தரமாட்டார்கள். மீட்டர் பூஜ்யம் காட்டும் முன்பே கவுன்சிலில் மனு போட வேண்டும்.

கூச்சப்பட்டு உட்கார்ந்தால், குளிரில்தான் உட்கார வேண்டும்!